பத்தொன்பது பெட்டிக்காரரும் ஒற்றைப் பைக்காரியும்

எண்பது நாளுக்குள் உலகைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று 1888-இல் நெல்லி பிளை என்ற நிருபர் தம் பத்திரிகையில் போய்க் கேட்டார். பத்திரிகை புலிட்சரின் நியூயார்க் வேர்ல்ட். மேலாளர் தலையை ஆட்டினார்: பெண் என்றால் துணைக்கு ஆள் வேண்டும், ஆள் கிடைத்தாலும் அவள் கொண்டுவரும் பெட்டிகளை ஏற்றி இறக்குவதற்குள் அடுத்த கப்பல் போய்விடும். ஆண்தான் சரிப்படும். தாராளமாக ஆணையே அனுப்புங்கள், அதே நாளில் நான் வேறு பத்திரிகைக்காகக் கிளம்பி அவரை முந்திக்காட்டுகிறேன் என்றார் நெல்லி. மேலாளர் யோசித்தார். ஒரு வருஷம் யோசித்தார்.

இத்தனைக்கும் 1887-இல் பைத்தியம் போல நடித்து, பிளாக்வெல்ஸ் தீவு மனநல விடுதியில் பத்து நாள் கிடந்து, அங்கே நடந்த கொடுமைகளை எழுதியவர் அவர். அந்தப் பயணத்துக்கு மூட்டை முடிச்சே தேவைப்படவில்லை.

இந்த எண்பது நாள் கணக்கைக் கிளப்பிவிட்டவர் நாவலாசிரியர் ஜூல் வெர்ன். அவருடைய கதாநாயகன் ஃபாக் கிளம்பும்போது பையில் இரண்டு சட்டை, மூன்று ஜோடி காலுறை. போதும், மற்றதை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். சொல்ல மாட்டானா? கூடவே இருபதாயிரம் பவுண்டு ரொக்கம் இருந்தது, தூக்கிவர ஒரு வேலைக்காரனும் இருந்தான்.

நெல்லியிடம் இருந்தது 200 பவுண்டு. 1889 நவம்பர் 14-இல் கப்பலேறியபோது கையில் பதினாறு அங்குல அகலம், ஏழு அங்குல உயரமுள்ள ஒரு பை. தொப்பிகள், முகத்திரைகள், செருப்பு, மைக்கூடு, பேனா, காகிதம், ஊசி நூல், உள்ளாடைகள் எல்லாம் அதற்குள். உடுத்தியிருந்த கவுனைத் தையற்காரர் ஒரே நாளில் தைத்துக் கொடுத்திருந்தார். மாற்றுக்கு இன்னொன்றும் தயாராக இருந்தது. ஆனால் பைக்குள் போகவில்லை. தனிப் பொட்டலம் கட்டுவது நெல்லிக்கு ஆகாது, அதனால் அதை விட்டுவிட்டார். ஒரே கவுனில் உலகம்! பக்கத்து இருக்கைக்காரர்களின் அபிப்பிராயத்தை வரலாறு பதிவு செய்யவில்லை.

இவ்வளவு கறாரான பெண் ஒரு ஜாடி கோல்டு க்ரீமை மட்டும் விடவில்லை. அதுவும் சும்மா இருக்கவில்லை. பையில் பாதியை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மூடவிடாமல் முட்டிக்கொண்டு நின்றது.

கப்பல்காரர்களுக்கு ஒற்றைப் பை புரியவில்லை. சீப்பும் வங்கிப் புத்தகமுமாக ஊர் சுற்றும் அமெரிக்கக் கோடீஸ்வரி என்று விக்டோரியா கப்பலில் வதந்தி கிளம்பியது. ஒரு வாலிபர் நெருங்கி வந்து, எண்ணற்ற பெட்டிகள் இல்லாமல் பயணம் செய்யத் தெரிந்த பெண்ணைத்தான் இத்தனை காலம் தேடுகிறேன் என்று உருகினார். அவர் தினம் மூன்று முறை உடை மாற்றுவதை நெல்லி கவனித்திருந்தார். உங்களுக்கு எத்தனை பெட்டி என்று கேட்டார். பத்தொன்பது. பெண் தேடிய காரணம் விளங்கிவிட்டது: இருபதாவதுக்கு இடமில்லை.

கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருப்பு. கண்டிக்கு ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு, பேச்சு இருக்கிற அளவுக்கு ஊர் இல்லை என்று முடித்துக்கொண்டார். (கண்டிக்காரர்கள் மன்னிக்க.) அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர். சிங்கப்பூரில் வண்டிக்காரர் வீட்டு வாசலில் ஒரு குரங்கைப் பார்த்தார், வாங்கிவிட்டார். கவுனுக்கு இடமில்லை, குரங்குக்கு இருந்தது.

பசிபிக்கில் புயல். குரங்குதான் அபசகுனம், கடலில் எறியுங்கள் என்று கப்பலில் பேச்சு எழுந்தது. அதே நேரத்தில் பாதிரியார்கள் ஏறினாலும் கடல் கொந்தளிக்கும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். கப்பலில் இரண்டு பாதிரியார்கள் இருந்தார்கள். முதலில் அவர்களை எறியுங்கள், பிறகு குரங்கைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன் என்றார் நெல்லி. குரங்கு பிழைத்தது. பாதிரியார்களும்தான்.

1890 ஜனவரி 25-இல் பயணம் முடிந்தபோது 72 நாள், 6 மணி, 11 நிமிடம் ஆகியிருந்தது. அவர் புறப்பட்ட அதே நாளில் காஸ்மோபாலிட்டன் இதழ் எலிசபெத் பிஸ்லண்டை எதிர்த்திசையில் அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியே நெல்லிக்கு ஹாங்காங்கில்தான் தெரிந்தது. பிஸ்லண்ட் ஜனவரி 30-இல் வந்து சேர்ந்தார். அவரிடம் பையோடு ஒரு பெட்டியும் இருந்தது. பெட்டியால்தான் தோற்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் யாரோ சொன்ன தப்புத் தகவலால் வேகமான கப்பல் கைவிட்டுப் போய், அட்லாண்டிக்கை ஒரு மந்தமான கப்பலில் கடக்க வேண்டி வந்தது. பெட்டி பாவம், எல்லா இடத்திலும் நேரத்துக்கு ஏறி நேரத்துக்கு இறங்கியிருந்தது.