தருமி வசனமும் மதுரை வட்டாரத்துக் கேட்போர் எதிர்வினைகளும்: ஒரு வகைப்பாட்டு முன்னோட்டம்

1. ஆய்வுச் சிக்கல்

ஏ.பி. நாகராஜன் எழுதி இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் கதை வசனம் இசைத்தட்டாகவும் பிறகு கேசட்டாகவும் வந்து, மதுரைச் சீமையில் முளைப்பாரி, காதுகுத்து, கல்யாணம் என்று பேதமில்லாமல் ஒலித்தது. தருமியாக வந்த நாகேஷைப் புகழ ஆள் உண்டு. குழாய் ரேடியோவுக்குக் கீழே நின்று கேட்டவர்களைச் சீந்துவார் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம். இடைவெளி இல்லையேல் ஆய்வில்லை என்பதால் முதலில் அது உண்டாக்கப்பட்டது.

2. எல்லை

வடகிழக்கே மேலூர், தென்மேற்கே திருமங்கலம். அதற்கப்பால் பஸ் கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

3. மூலம்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்கள். தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆவது. இறைவன் தருமிக்கு எழுதித் தந்ததாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது. இந்த எண்களால் இக்கட்டுரைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் எண் இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர் படிக்க மாட்டார்.

4. வகைகள்

அ. சிரிப்போர்: ரசித்துவிடுவதால் ஆய்வுக்கு உதவார்.

ஆ. முந்துவோர்: இறைவனாக வரும் சிவாஜிக்கும் விடை சொல்ல வழிவிடார்.

இ. உறங்குவோர்: ரேடியோ செட்டுக்காரர் இவர்களுள் தலையாயவர்.

ஈ. திருத்துவோர்: டீக்கடையில் ஒருவர் வசனத்தை எடுத்துவிட்டதும், “அப்படி இல்லண்ணே” என்று கிளாஸைக் கீழே வைப்பவர். இவர்கள் மூவகைப்படுவர். கிளாஸ் அதிர வைப்பவர் வல்லினத் திருத்தர். மூக்கால் சிரித்துத் திருத்துபவர் மெல்லினத் திருத்தர். இருபக்கமும் தலையாட்டி இருவர் காசிலும் டீ குடிப்பவர் இடையினத் திருத்தர்.

இவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. தருமி கேட்க இறைவன் விடை சொல்லும் பகுதியில், புலவரின் வறுமையைத் தொடும் கேள்வி எத்தனையாவது? மூன்றாவது என்பர் வல்லினத்தார் (சான்று: கீழமாசி வீதி டீக்கடை, பெஞ்சின் இடது ஓரம், வாய்மொழி). நான்காவது என்பர் மெல்லினத்தார் (சான்று: மேற்படி கடை, மேற்படி பெஞ்சு, வலது ஓரம்; வாயில் வடை இருந்தமையால் பாடம் தெளிவில்லை). இரண்டும் சரியே, எங்கள் கேசட்டில் அந்த இடத்தில் நாடா சிக்கிவிட்டது என்பர் இடையினத்தார் (சான்று: திருமங்கலம் ரேடியோ செட்டுக்காரரின் மைத்துனர் தம் அத்தை சொல்லக் கேட்டது, அத்தை அன்று ஊரில் இல்லை, இதை மறுக்கும் குறிப்பு, சோழவந்தான் ரயில் டிக்கெட்டின் பின்புறம், பென்சில் எழுத்து, மறுப்பு இருந்த பாதி கிழிந்துவிட்டது).

சிக்கிய நாடாவின் ‘க்ர்ர்’ ஓசை இடைச்செருகலா, மூலபாடமா என்பது அடுத்த சிக்கல். அந்த ஓசையோடு கேட்டு வளர்ந்தவர்கள் படத்தைத் திரையில் பார்த்தபோது, ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று முறையிட்டார்களாம். படத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தால் வழக்கு தீருமே என்றான் ஒரு சிறுவன். முறையியல் அறியாதவன்; அவனுக்கு டீ சொல்லவில்லை.

5. விவாதம்

திருத்துவோரின் இயல்பைப் புராணம் முன்பே கண்டுகொண்டது. அந்தப் பாட்டில் பிழை சொல்லிப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரரை 53ஆம் படலத்தில் கரையேற்றிய இறைவன், 54இல் அவருக்கு இலக்கணப் பாடத்துக்கு ஏற்பாடு செய்கிறார். 55இல் சங்கத்தார் கலகத்தைத் தீர்க்கிறார். புலவர்களை வழிக்குக் கொண்டுவர மூன்று படலம். நரியைப் பரியாக்க ஒன்றே போதுமானதாக இருந்தது.

படத்தில் நக்கீரராக வந்தவரும் நாகராஜனே. தாம் எழுதிய காட்சியில் தாமே பிழை சொல்ல எழுந்து நின்ற இந்த நற்பழக்கம் ஆய்வுலகில் பரவவில்லை.

பிறர் எழுதியதைத் தன் பெயரில் வாசித்தவர் என்று தருமியை வல்லினத்தார் ஏசுவர். காலம் மாறிவிட்டது. அன்று இறைவன் எழுதினார், தருமி பெயரில் வந்தது. இன்று தருமி எழுதுகிறார், நெறியாளர் பெயர் முதலில் வருகிறது. பொற்கிழி யாருக்கு என்பதில் மட்டும் பாடபேதம் இல்லை.

6. முடிவு

மேலாய்வு தேவை. ஆயிரம் பொன் நிதி கோரப்படுகிறது. விண்ணப்பத்தை எழுதித் தர ஆள் கிடைத்ததும், என் பெயரில் அனுப்பப்படும்.