எச் என்பவர் யார்? ஓர் உரை வரலாறு

குற்றத் தொடர்களின் இரசிகர்கள் கொலையாளியைத் தேடுவதே வழக்கமாயினும், பிபிசியின் 'லைன் ஆஃப் டியூட்டி' தொடரைப் பார்த்த பிரிட்டன் மக்கள் பல ஆண்டுகள் தேடியது ஆங்கில நெடுங்கணக்கின் ஓர் எழுத்தை. ஜெட் மெர்குரியோ உருவாக்கி, 2012 முதல் 2021 வரை ஆறு பருவங்களாக வெளிவந்த இத்தொடர், ஊழல் போலீசாரை விசாரிக்கும் ஏசி-12 என்னும் பிரிவைப் பற்றியது. இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியிலேயே, நன்கு அறியப்பட்ட நடிகையான ஜெசிகா ரெய்ன் ஏற்ற பாத்திரம் மருத்துவமனைச் சன்னல் வழியே வெளியே எறியப்பட்டதும், மூன்றாம் பருவத்தில் நடிகர் டேனியல் மேஸ் ஏற்ற பாத்திரம் முதல் பகுதியையே தாண்டாததும், புகழ்பெற்றவர் நடித்தால் பாத்திரம் பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கையை இரசிகர்களிடமிருந்து பறித்துக்கொண்டன. அவ்வாறு நம்பிக்கை இழந்தவர்கள் அன்றிலிருந்து எல்லாரையும் ஐயுறத் தொடங்கினர்.

எச் என்னும் சிக்கலின் தோற்றுவாய், டாட் காட்டன் என்ற ஊழல் அதிகாரியின், காணொளியில் பதிவான மரண வாக்குமூலமாகும். குற்றக் கும்பலுக்குக் காவல்துறைக்குள்ளிருந்து உதவும் அதிகாரியைக் குறிக்க, 2016இல் குண்டடிபட்டு இறந்த அவர் சுட்டிய எழுத்து எச் என்பது 2017இல்தான் முடிவாயிற்று. 2019இல் அதே காணொளியை மீண்டும் ஆராய்ந்தபோது, அவருடைய விரல் நான்கு முறை தட்டியதும், மோர்ஸ் என்னும் தந்திக் குறியீட்டில் நான்கு புள்ளிகள் எச் எழுத்தைக் குறிப்பதும், ஆகவே அக்கும்பலுக்குத் துணைபோன அதிகாரிகள் நால்வர் என்பதும் புலனாயின. சாகும் தறுவாயில் உள்ள ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சாகாமல் தந்தி அடித்துக்கொண்டிருப்பாரா என்று கேட்பது இயல்பான கேள்விதான். ஆயினும் தீவிர இரசிகரின் துயரம் அதுவன்று, மூன்று ஆண்டுகளாக அந்த விரலைக் கவனியாமல் விட்டோமே என்பதே. இதற்கிடையில் ஹில்டன், ஹண்ட்லி, ஹார்கிரீவ்ஸ் என அதிகாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்ததைக் கண்டால், தொடரின் காவல்துறை அகரவரிசையில் ஆளெடுத்து எச் பக்கத்திலேயே நின்றுவிட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

ஏசி-12இன் தலைவரான டெட் ஹேஸ்டிங்ஸின் பெயரும் அதே எழுத்தில் தொடங்கியது இரசிகர்களைப் பிளவுபடுத்தியது. வட அயர்லாந்துக்காரரான அவர், அதிர்ச்சி அடையும்போது இயேசு, மரியாள், சூசையப்பர் ஆகியோரோடு ஒரு சின்னக் கழுதையையும் துணைக்கழைக்கும் வழக்கமுடையவர். அத்தகையவர் ஊழல்வாதியாக இருக்க முடியாது என்று ஒரு சாராரும், அத்தகையவரே ஊழல்வாதியாக இருக்க முடியும் என்று மறுசாராரும் வாதிட்டனர். இரு சாராரும் காட்டிய சான்று அந்தக் கழுதை ஒன்றே. அவர்கீழ்ப் பணிபுரியும் ஸ்டீவ் ஆர்னட் என்ற துப்பறிவாளர் கோட்டுக்குள் அணியும் கையில்லா வெயிஸ்ட்கோட்டும் ஆய்வுக்குத் தப்பவில்லை.

இத்தனைக்கும் இடந்தந்தது ஒளிபரப்பு முறையே ஆகும். முழுத் தொடரையும் ஒரே இரவில் பார்த்து முடிப்பவருக்கு ஐயுற நேரமில்லை. 2021 மார்ச் 21 முதல் மே 2 வரை ஞாயிறுதோறும் ஒரு பகுதியாக வந்த ஆறாம் பருவமோ ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வார அவகாசம் அளித்தது. பழைய உரையாசிரியர் ஓர் அடிக்குப் பாடபேதம் காட்டி, பிறர் உரையை மறுத்து, தம் உரையை நிறுவியதைப் போல, திங்கட்கிழமைக் காலையில் அலுவலகங்களில் தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் முந்தைய இரவின் ஒரு பார்வைக்கும் ஓர் இருமலுக்கும் பொருள் விரித்தனர். கும்பலுக்கு எச் அனுப்பிய கணினிச் செய்திகளில் 'டெஃபினிட்லி' என்னும் சொல் ஐ எழுத்துக்குப் பதிலாக ஏ எழுத்துடன் பிழையாக இருந்ததால், எழுத்துப்பிழை விடும் எவரும் கொலைகாரராக இருக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. பள்ளி ஆசிரியர்கள் நெடுங்காலம் முயன்றும் எழுத்திலக்கணத்துக்கு இத்தகைய மதிப்பைப் பெற்றுத்தர முடிந்ததில்லை.

இறுதிப் பகுதியைச் சுமார் 1 கோடியே 28 இலட்சம் பேர் பார்த்தனர். எச் குறித்த நால்வரில் நான்காம் ஆளாக விசாரணை அறைக்குள் அழைத்துவரப்பட்டவர் இயன் பக்கெல்ஸ் என்ற போலீஸ் அதிகாரி. 2012இல் முதல் பருவத்திலேயே தோன்றி, எந்த வழக்கையும் உருப்படியாக நடத்தாமல், ஆயினும் பதவி உயர்வு மட்டும் தவறாமல் பெற்றுவந்த இவரை, மூளை போதாது என்ற ஒரே காரணத்தால் பலரும் ஐயப்பட்டியலிலேயே சேர்க்கவில்லை. பேரறிவு படைத்த சூத்திரதாரியை எதிர்பார்த்தவர்கள், கும்பலின் கட்டளைகளை அடுத்தவருக்கு அனுப்பிவைத்து, எழுத்துப்பிழையும் விட்ட ஒரு மந்தரைக் கண்டு வெகுண்டனர். குற்றம் நிகழ்ந்ததைப் பொறுத்துக்கொண்டவர்களால் அதைச் செய்தவரின் தகுதிக்குறைவைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உண்மையில் தொடரின் ஆகச் சிறந்த திருப்பம் இதுவே எனலாம். திறமையின்மை என்று எல்லாரும் சிரித்து ஒதுக்கிய ஒன்று ஊழலாக இருந்ததும், அது ஒன்பது ஆண்டுகளாகக் கண்ணெதிரே நடமாடியதும், விரலசைவைக் கூட விடாமல் பார்த்தவர்களுக்குப் புலப்படவில்லை.

இத்தீர்ப்பை ஏற்காதோர் கொள்கையும் ஒன்றுண்டு. அதன்படி, பக்கெல்ஸின் மடமையே ஒரு நடிப்பு. அன்றேல் அவர் வெறும் பலியாடு. ஐயத்துக்குரிய தலைமைக் காவல் அதிகாரி ஆஸ்போர்ன் இன்னும் பதவியில் இருக்கையில் வழக்கு முடிந்தது என்பது பொருந்தாது. ஆஸ்போர்ன் என்னும் பெயரில் எச் எழுத்தே இல்லையே எனின், அதுவே அவர் மிகக் கவனமானவர் என்பதற்குச் சான்று என்பாரும் உளர்.