வீட்டோடு மாப்பிள்ளை கட்டிய அரண்மனை

லிஸ்பன்,
அக்டோபர் மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா?

போன வாரம் போனில் பழைய பேச்சையே மறுபடி எடுத்தீர்கள். ஒரே பெண், சோளக்காட்டை விட்டு அனுப்ப மாட்டேன், நீ வந்து வீட்டோடு இரு என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே இந்த லீவுக்குத் தனியாக ஒரு மலைக்குப் போய் வந்தேன். பெயர் சிந்த்ரா. போன இடத்தில் எனக்குத் தோதாக ஒரு முன்னோடியே கிடைத்துவிட்டார்.

லிஸ்பன் ரோசியோ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் அடிவாரம். அங்கிருந்து 434ஆம் நம்பர் பஸ். ரெண்டு வளைவு திரும்புவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். காரவள்ளியிலிருந்து நம் மலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவையும் நின்றபடியே தூங்கிக் கடக்கிற ஊர்க்காரன் நான், கொட்டாவி விட்டேன். இவர்கள் மலையின் உச்சியே 528 மீட்டர்தான் மாமா. நமக்குப் பாதி மலை ஏறுவதற்குள் அந்த உயரம் தாண்டிவிடும். ஆனால் மேகம் மட்டும் குறைவில்லை. கீழே லிஸ்பனில் வெயில் காய்கிறது, இங்கே கடல்காற்று மோதி மூக்கு நுனி தெரியாத மூட்டம். அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஞாபகம் வந்தது.

மேலே பேனா அரண்மனை. ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சள், நடுவில் பூ ஓடு, மேலே வெங்காயக் கும்பம். ரெண்டு பெயிண்ட் கடைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்ட இடம் மாதிரி இருக்கிறது. வாசல் வளைவுக்கு மேலே பாதி மீன், பாதி மனுஷனாக ஒரு ஆள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போக நேரம் போட்ட டிக்கெட். அந்தக் காசைக் கேட்டால் அத்தை முட்டிவலியை மறந்து எழுந்துவிடுவார், எழுதவில்லை.

இதைக் கட்டியவர்தான் நான் சொன்ன முன்னோடி. ஃபெர்டினாண்டு, ஜெர்மனி வம்சம். 1836இல் போர்ச்சுகல் ராணி இரண்டாம் மரியாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட அசல் வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரர் ஆல்பர்ட்டும் பிறகு லண்டன் போய் விக்டோரியா ராணி வீட்டோடு இருந்தார். குடும்பத் தொழில். கவனியுங்கள் மாமா, கல்யாணம் ஆனதும் இவருக்கு ராஜா பட்டம் கொடுக்கவில்லை. வாரிசு பிறந்த பிறகுதான் தருவோம் என்பது இவர்களின் அன்றைய சட்டம். 1837இல் பையன் பிறந்தான், மாப்பிள்ளை ராஜாவானார்.

மாமனார் சொத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நினைக்காதீர்கள். 1755 பூகம்பத்தில் சிதைந்த ஒரு மடம் இந்த உச்சியில் கிடந்தது. வாஸ்கோ ட காமாவை நம் பக்கம் அனுப்பினாரே மானுவேல் ராஜா, அவர் காலத்து மடம். உங்கள் கொடியில் காய்க்கிற அதே மிளகுக்காக அலைந்த ராஜா. அந்த மடத்தை 1838இல் சொந்தக் காசு போட்டு வாங்கினார் மாப்பிள்ளை. அரண்மனை எழுப்ப யாரைப் பிடித்தார் தெரியுமா? எஷ்வேகே என்ற சுரங்க இன்ஜினியரை. கட்டடத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது.

ராணி போன பிறகு ஒரு ஓபரா பாடகியைக் கட்டிக்கொண்டார். கிரீஸ் நாட்டுக்கு ராஜாவாக வா என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. ஸ்பெயினும் கூப்பிட்டது, அதற்கும் போகவில்லை. 1885இல் கண்ணை மூடும்போது இந்த அரண்மனையைப் பாடகி பேருக்கு எழுதிவைத்துவிட்டார்! பெரிய சச்சரவாகி, கடைசியில் அரசாங்கமே அந்த அம்மாளிடம் விலை கொடுத்து வாங்கியது. பட்டா விஷயத்தில் நீங்கள் இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

அங்கிருந்து இறங்கினால் மூர்களின் கோட்டை. வட ஆப்பிரிக்கா பக்கமிருந்து வந்த முஸ்லிம்கள் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கட்டியது, 1147இல் கிறிஸ்தவ ராஜா கைக்குப் போனது. முதுகெலும்பு மேல் நடப்பதுபோல் மதில் மேலேயே நடக்கலாம், காற்று சட்டையைப் பறிக்கிறது. எனக்குப் பிடித்தது மதில் இல்லை. தானியம் கொட்டி வைக்கத் தோண்டிய குழிகள். சாமையும் தினையும் சேமித்து வைக்கிற நம் ஆட்களுக்குப் பார்த்தவுடன் புரியும், விளக்கப் பலகையே வேண்டாம்.

இந்தக் கோட்டையிலும் நம் மாப்பிள்ளை கைவைத்திருக்கிறார். விழுந்த மதிலை நிமிர்த்தினார், மரம் நட்டார், ஆனால் இடிந்த களை போகாமல் பார்த்துக்கொண்டார். தோண்டும்போது எலும்புகள் வந்தன. எது கிறிஸ்தவர், எது மூர் என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கல்லறையில் போட்டுச் சிலுவை, பிறை ரெண்டையும் செதுக்கிவிட்டார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

மதில் மேல் ஒரு ஜப்பான் பெரியவர், உங்கள் மலைக்கு ராஜா உண்டா என்று கேட்டார். விடுவேனா? வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதைக் கையை நீட்டி நடித்தே காட்டினேன். நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். அரண்மனை எங்கே என்றார். பாட்டில் இருக்கிறது, மலையில் ஒரு கல்கூட இல்லை என்றேன். அதற்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார், நல்ல மனுஷன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபெர்டினாண்டு வழியில் எனக்கும் சில நிபந்தனைகள். மேட்டுக்காட்டில் இடிந்து கிடக்கிற மாட்டுக்கொட்டகையை என் பேருக்குக் கொடுக்க வேண்டும். என்ன கலர் அடித்தாலும் கேட்கக்கூடாது. பேரன் பிறக்கும்வரை காத்திருக்காமல் முதல் நாளே மரியாதை வேண்டும், குறிப்பாகக் கறிச்சோற்றில். எல்லாவற்றுக்கும் முன்னால், இதையெல்லாம் உங்கள் பெண்ணிடம் கேட்டீர்களா? அவள் லிஸ்பன் வருகிறேன் என்றால் நீங்களும் நானும் பேசியது வீண்.

பதிலை எழுதியே அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பினால், பின்னால் அத்தை என்னைத் திட்டுவதும் சேர்ந்தே வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன் (இன்னும் முடிவாகவில்லை)