லீகல்ல நிக்குது

சட்டம் படித்தேன், பார் கவுன்சிலில் பதிவு செய்தேன், கறுப்பு அங்கியும் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் இன்றைய தேதியில் நான் வக்கீல் இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை, மாதச் சம்பளம் வாங்குகிறேன், அவ்வளவுதான். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது விதி அப்படி. முழுநேரச் சம்பள வேலைக்குப் போகிற வக்கீல், தன் பெயர் பதிவாகியிருக்கும் பார் கவுன்சிலுக்கு அதைத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி எனக்குச் ‘சட்ட மேலாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த வாரத்தில்தான் சட்டம் என்னைக் கைவிட்டது.

வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். “வக்கீல் பொண்ணுன்னா பையன் வீட்ல கொஞ்சம் யோசிக்கிறாங்கம்மா” என்று தரகர் மாமா அம்மாவிடம் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்த்துப் பேசிவிடுவேனாம். வேலை கிடைத்ததும் ஜாதகத்தோடு கொடுக்கும் தாளில் ‘தனியார் நிறுவனத்தில் மேலாளர்’ என்று மாற்றி எழுதினார். வரன்கள் வந்து குவிந்தன. விதி 49ஆல் லாபம் அடைந்தவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அதற்கு முன்பு தம்புசெட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். கட்டுத் தூக்குவேன், வாய்தா வாங்குவேன், அவர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் எழுந்து நின்று, வழக்கைக் கொஞ்சம் கழித்து எடுக்கும்படி ‘பாஸ் ஓவர்’ கேட்பேன். தங்கமான மனிதர். சம்பளப் பேச்சை எடுத்தால் உடனே காபி வாங்கித் தருவார். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயுமாவது கொடுக்க வழி செய்யும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அது எத்தனை காபி என்று கணக்குப் போட ஆரம்பித்து, மனசு கேட்காமல் விட்டுவிட்டேன்.

கம்பெனிக்கு வந்த பிறகு தெரிந்துகொண்ட முதல் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்தக் காரியம் தாமதமானாலும் அது ‘லீகல்ல நிக்குது’. லாரி வரவில்லையா, லீகல்ல நிக்குது. விலை இன்னும் முடியவில்லையா, அதுவும் லீகல்ல நிக்குது. ஒருமுறை எம்.டி. என்னைக் கூப்பிட்டு, ஒரு ஒப்பந்தம் ஏன் இரண்டு வாரமாக என் மேஜையில் தூங்குகிறது என்று கேட்டார். அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அது மெயிலில் வந்து சேர்ந்தது: ‘மேடம், அர்ஜென்ட். சின்ன அக்ரிமென்ட்தான். நாளைக்குக் காலையில கையெழுத்து.’

அந்தச் ‘சின்ன’ அக்ரிமென்ட், ஒரு கார் கம்பெனிக்கு நாங்கள் பிளாஸ்டிக் கிளிப் சப்ளை செய்வதற்கானது. கிளிப் விலை மூன்று ரூபாய். எங்கள் கிளிப்பால் அவர்களுடைய அசெம்ப்ளி லைன் நின்றால் நிமிஷக் கணக்கில் நஷ்டஈடு, அதற்கு உச்சவரம்பும் கிடையாது என்று உள்ளே ஒரு பிரிவு. விற்பனை மேலாளரைக் கூப்பிட்டேன்.

“அதெல்லாம் எல்லா ஃபார்மட்லயும் இருக்கும் மேடம். யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்க மாட்டாங்கன்னா எடுத்துடச் சொல்லுங்களேன் சார்.”

“எடுக்கச் சொன்னா கஸ்டமர் கோவிச்சுக்குவார் மேடம்.”

கோபித்துக்கொள்ளாத கஸ்டமரை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைசியில் ஒரு வருஷ பில் தொகைக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு போட்டுக் கையெழுத்தானது. அந்தக் கஸ்டமர் இன்றுவரை எங்களிடம்தான் கிளிப் வாங்குகிறார். ஆனால் ‘மேடம் டீலைக் கெடுக்கப் பார்த்தாங்க’ என்ற வரலாறு விற்பனைப் பிரிவில் வாய்மொழியாகப் புதியவர்களுக்குச் சொல்லப்பட்டு வருகிறது.

கேன்டீன் ஒப்பந்தம் வேறு ரகம். யாரோ இணையத்திலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதன்படி எங்கள் தொழிற்சாலையில் போடும் பொங்கல், சாம்பார் சம்பந்தப்பட்ட தகராறுகளுக்கு அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டம் பொருந்தும். கான்ட்ராக்டர் அண்ணாச்சி அதில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் ‘தவிர்க்க முடியாத நிகழ்வு’ பிரிவை மட்டும் அவர் படித்திருந்தார் போலும். 2020க்குப் பிறகு நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பிரிவு அது. அந்த வருஷம் பிப்ரவரியிலேயே மத்திய நிதி அமைச்சகம் கொரோனாவை இயற்கைப் பேரிடராகக் கருதி அந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பாணை விட்டது. அண்ணாச்சி அதை விரிவுபடுத்தி, மழை பெய்ததால் வடை போடவில்லை என்று எழுத்துமூலம் கொடுத்தார்.

முத்திரைத்தாள் பற்றித் தனிப் புராணமே எழுதலாம். பத்திரம் வாங்கி ஆறு மாதம் ஆனால் காலாவதி என்று அக்கவுன்ட்ஸில் ஒருவர் நம்புகிறார். ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. எழுதிக்கொள்ளத் தடையில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்னேன். “சுப்ரீம் கோர்ட் சொல்லும் மேடம், ஆடிட்டர் ஒத்துக்கணுமே” என்றார். அவரிடம்தான் பவுன்ஸ் ஆன செக்குகளும் இருக்கும், காலண்டருக்கு அடியில். பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. அவர் 29ஆம் நாள் சாயங்காலம் செக்கோடு வருவார். இத்தனை நாள் ஏன் வைத்திருந்தீர்கள் என்றால், “பார்ட்டி நல்லவர் மேடம்.”

மனிதவளத் துறைக்கு வேறு ஆசை. வேலையை விட்டுப் போகிறவர் இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று நியமனக் கடிதத்தில் எழுத வேண்டுமாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவில் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். “தெரியும் மேடம். சும்மா ஒரு பயத்துக்கு” என்றார்கள். 150 வருஷமாகச் செல்லாத ஒன்றை வைத்து யாரைப் பயமுறுத்துவது? அதை எழுதச் சொன்ன அதிகாரியே அடுத்த வருஷம் போட்டிக் கம்பெனிக்குப் போனார். போகும்முன் என் அறைக்கு வந்து, அந்தப் பிரிவு நிஜமாகவே செல்லாதுதானே என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

பெண் என்பதால் வரும் கூடுதல் சுவாரசியங்களும் உண்டு. பேச்சுவார்த்தை மேஜையில் எனக்குப் பக்கத்தில் என் ஜூனியர் தம்பி உட்கார்ந்திருப்பான்; மீசை இப்போதுதான் முளைக்கிறது. எதிர்த்தரப்பு முழுவதும் அவனைப் பார்த்தே பேசும். அவன் என்னைப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன், அவர்கள் அவனுக்கு நன்றி சொல்வார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. புகார்க் குழுவுக்கு மூத்த பதவியில் இருக்கும் பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவைப் படித்த பிறகுதான் எங்கள் கம்பெனி, மூத்த பதவியில் பெண் யாராவது இருக்கிறாரா என்று தேட ஆரம்பித்தது. அதே வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கு ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றபோது, நாட்டில் பல முதலாளிகளுக்குத் தங்கள் மனைவியின் நிர்வாகத் திறமை திடீரென்று புலப்பட்டதே, அதைவிட இது தேவலை.

இந்த வேலையில் எனக்கு முன்னோடி என்று நான் நினைப்பது கொர்னேலியா சோராப்ஜியை. 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். பட்டத்தைக் கையில் கொடுக்க அவர்களுக்கு 30 வருஷம் பிடித்தது. கோர்ட்டில் பெண் வாதாட முடியாத காலம். 1904இல் வங்காளத்தில் அரசாங்கம் அவருக்கு ஒரு சம்பளப் பதவி கொடுத்தது. கோஷா பெண்களின் சொத்து விவகாரங்களுக்கு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 1923இல் சட்டம் வந்தது. அவர் சம்பளத்திலிருந்து கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டிலிருந்து சம்பளத்துக்கு வந்தவள் நான். இதை அவர் கேட்டிருந்தால் திட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் என் நிலையைத் தெளிவாக்கிவிட்டது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் காக்க சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆவது பிரிவு வக்கீலுக்குத் தரும் பாதுகாப்பு, கம்பெனிச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்குக் கிடையாது. 134ஆவது பிரிவில் வேண்டுமானால் கொஞ்சம் இடம் உண்டு. சம்பளம் கொடுப்பவரை நம்பி இருப்பவர் சுதந்திரமான வக்கீல் ஆக மாட்டார் என்பது கோர்ட்டின் வாதம். எம்.டி.யிடம் விளக்கினேன். “அப்ப நீங்க வக்கீலும் இல்லையா?” என்றார். விற்பனைப் பிரிவைக் கேட்டால் நான் கம்பெனி ஆளும் இல்லை என்பார்கள். ஆனால் ஊரில் என் பெரியப்பாவுக்கு இந்தச் சந்தேகமே வந்ததில்லை. வாய்க்கால் வரப்புத் தகராறுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் சாய்வாகப் படமெடுத்து அனுப்பி, “ஒரு நோட்டீஸ் விட்டுரு தாயி” என்கிறார். விதி 49ஐ அவருக்குச் சொன்னேன். “அதுக்கு ஒரு ஸ்டே வாங்கிரு” என்றார்.

விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒப்பந்தம் உங்கள் கைக்கு வந்த அன்றே லீகலுக்கு அனுப்பிவிடுங்கள். ‘சின்ன அக்ரிமென்ட்தான்’ என்று தலைப்புப் போட வேண்டாம், பக்க எண்ணிக்கை எனக்கே தெரியும். முக்கியமாக, மார்ச் 31ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அது நிஜமாகவே லீகல்ல நிக்கும்.