ஒற்றைச் சாளரம் அவர்களின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர் (கீழ்த்தளம்), ஒரகடம் கூட்டுரோட்டை அடுத்த ஓர் ஊர், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு ஒற்றைச் சாளரம் அவர்கள், தொழில் தொடங்க வருவோர் நுழையும் இடம், சென்னை.

பொருள்: தொழிற்சாலை உள்ளே வந்துவிட்டது – அதனுடன் வந்த குடும்பம் வாசலிலேயே நிற்பது – தொடர்பாக.

பார்வை: 1. தொழில் புரிவதை எளிதாக்க 2018இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம். 2. மேல்வீட்டு அம்மா கேட்ட ஒரு கேள்வி.

ஐயா / அம்மையீர் (பொருந்தாததை அடித்துக்கொள்ளவும்),

தங்களை நேரில் தரிசித்ததில்லை என்றாலும் தங்கள் புகழ் எங்கள் கூட்டுரோடு வரை வந்திருக்கிறது. கம்பெனி தொடங்க வருகிறவர் மாசுக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வாசல், தீயணைப்புக்கு ஒரு வாசல், மின்சாரத்துக்கு ஒரு வாசல் என்று அலைய வேண்டாமாம். தங்கள் முன்னால் வந்து நின்றால் எல்லாம் அங்கேயே நடக்குமாம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் இரண்டே நாளில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. என் மேல்வீட்டுக்காரருக்கும் எனக்கும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு அதைவிட நாள் பிடித்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நஞ்சையைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டபோது கிடைத்த பணத்தில் வீடு கட்டியவன். கீழே நாங்கள், மேலே வாடகை. இந்தப் பக்கத்தில் இப்போது இதுதான் வெள்ளாமை. முன்பு போகம், இப்போது போர்ஷன். மேலே ஒரு கொரியக் குடும்பம்: ஆலையில் இயந்திரம் நிறுவ வந்த சார், அவர் மனைவி, ஏழு வயதுப் பையன். அவர்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் சென்னைக்குள் தங்கி கம்பெனி காரில் வந்து போகிறவர்கள். இவர் தினமும் அந்தப் போக்குவரத்தில் உட்கார முடியாது என்று இங்கேயே வீடு பார்த்துவிட்டார்.

கொரியர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். 1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ உருண்டு வெளியே வந்தது. பிறகு நோக்கியா வந்து, 2014இல் கடையைக் கட்டிக்கொண்டும் போனது. சாம்சங், ரெனோ–நிசான், டைம்லர், ஃபாக்ஸ்கான் என்று வரிசை நீண்டது. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கொரிய எழுத்தில் ஓட்டல் பெயர்ப்பலகை தொங்குவதை எங்கள் ஊர் மாடுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கால் நூற்றாண்டு தாண்டியும் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பமும், இந்த மண்ணில் முதல் முதலாகக் கால் வைத்த அந்நியர் போலவே ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் என் மனு.

வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதற்கான படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே வீடு விட்டவர்களெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1939, 1946 ஆண்டுகளின் சட்டங்களைக் கழித்துவிட்டு 2025இல் குடியேற்றத்துக்கும் வெளிநாட்டவருக்குமாகப் புதுச் சட்டமும் வந்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, நியாயம்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது.

வங்கிக் கணக்குக்கு இந்திய மொபைல் எண் வேண்டும். மொபைல் எண்ணுக்கு உள்ளூர் முகவரி வேண்டும். முகவரிக்குச் சான்றாக மின் கட்டண ரசீது கேட்டால், அது என் பெயரில் இருக்கிறது. எதற்கும் ஆதார் இருந்தால் நல்லது என்கிறார்கள். வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்க, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே வசித்திருக்க வேண்டும். அந்த 182 நாளும் ஆதார் இல்லாமல் எப்படி வசிப்பது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

உதாரணத்துக்கு காஸ் சிலிண்டர். ஒரு நாள் காலை சிலிண்டர்காரத் தம்பி மாடிப்படி ஏறி, சிலிண்டரை ‘டம்’ என்று இறக்கிவிட்டு, “மேடம், ஓ.டி.பி. சொல்லுங்க” என்றார். மேடத்துக்கு ஓ.டி.பி. என்றால் புரியும், எண்தான் அவரிடம் இல்லை. அது இணைப்பு வாங்கிக் கொடுத்த கம்பெனி அலுவலரின் போனுக்குப் போயிருந்தது. அவர் மீட்டிங்கில். கணவர் ஆலைக்குள், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா பாஸ்போர்ட்டைக் காட்டினார், விசாவைக் காட்டினார், கடைசியில் அணைந்துபோயிருந்த அடுப்பில் இருந்த சூப்பையும் காட்டினார். தம்பி நல்ல பையன். “எனக்கு நம்பிக்கை இருக்கு மேடம், மெஷினுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அன்று மத்தியானம் அவர்களுக்கு எங்கள் வீட்டுச் சாம்பார்.

அதே வாரம் தள்ளுவண்டியில் காய் விற்கும் அம்மா வந்தபோது மேல்வீட்டு அம்மா இறங்கி வந்து இருபது முட்டைகோஸ் கேட்டார். அவர்கள் ஊர்க் கோஸ் கிடைக்காத நாளில் நம்மூர்க் கோஸில்தான் கிம்ச்சி. “இன்னா விசேஷம் மேடம், கல்யாணமா?” என்று காய்க்கார அம்மா கேட்டுக்கொண்டே எடை போட்டார். பணம் கொடுக்கும் இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை. வண்டியில் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்ய வங்கிக் கணக்கு இன்னும் வரவில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இல்லை. காய்க்கார அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்புறமா குடுங்க, எங்க போயிடப் போறீங்க” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஐயா / அம்மையீர், இந்தத் தொழில் தடத்தில் நான் பார்த்த ஒற்றைச் சாளரம் அதுதான். விண்ணப்பக் கட்டணம் இல்லை, இணைப்பு ஆவணம் இல்லை, தீர்ப்பு உடனடி.

மேல்வீட்டு அம்மா தன் ஊரில் நர்ஸாக இருந்தவர். குடும்ப விசாவில் வந்ததால் இங்கே வேலை பார்க்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இரவில் மூச்சு முட்டினால் நல்ல மருத்துவமனை தேடி நெடுஞ்சாலை ஏற வேண்டும். படித்த நர்ஸ் மாடியில் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு மாலை அவர் பையனைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிப் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: “ஓனர் சார், இங்கே மனிதர்கள் எங்கே நடப்பார்கள்?”

பார்வை இரண்டில் கண்ட கேள்வி அதுதான். பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லாததால் தங்களுக்கு அனுப்புகிறேன்.

சாலை இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் மேம்பாலமே இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் கம்பீரமாகப் போகின்றன. ரயிலும் இருக்கிறது. வாலாஜாபாத் நிலையத்தில் புத்தம் புதுக் கார்கள் வரிசையாக ரயில் ஏறி வடக்கே போகின்றன. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து இந்த வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்திலேயே ஓடுகிறது. கார் ரயிலில் போகலாம். காரைச் செய்தவர் ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டும். தண்ணீரும் இருக்கிறது. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, அங்கிருந்து குழாய் போட்டு, இங்குள்ள தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறீர்கள். அருமையான ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். கோயம்பேட்டுச் சாக்கடைக்குக்கூட வழி தெரிந்து நேராகக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுத் தொட்டிக்குத்தான் லாரிக்காரரைப் போனில் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கொரியக் குடும்பத்துக்காக மட்டும் வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்காவது கம்பெனி கார், ஏ.சி., புலம்ப ஒரு வீட்டுக்காரர் உண்டு. எதிர்த் தெருவில் லைன் வீடுகள் இருக்கின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர், பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் எழுந்த பாயிலேயே படுக்கிறார். பாய்க்கு மட்டும் வார விடுமுறை கிடையாது. வாடகை தலைக்கு இவ்வளவு. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பெண்கள் விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லைன், லைனிலிருந்து விடுதி என்று ஊரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் வருஷங்களைக் கழிக்கிறார்கள். இந்தத் தடத்தில் எல்லோருமே வெளியூர்க்காரர்கள். நிலம் போன பிறகு, நானுந்தான்.

மனிதர்களுக்காகத் தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிக் கட்டடங்கள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. நல்ல காரியம். அதற்கு முன் நடந்ததையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். லாரி நின்றது, எல்லோருக்கும் கண் தெரிந்தது. 2024இல் தம் சங்கத்தை ஏற்கச் சொல்லி சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அந்த மனுவும் தங்கள் வழியாக வந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமோ என்னவோ.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இராமானுஜர், இங்கே இருக்க முடியாத நிலை வந்தபோது ஹொய்சள நாட்டுக்குப் போய் மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அந்த நாடு அவருக்கு இடம் கொடுத்தது, ஆள் கொடுத்தது, கோயில் கொடுத்தது. இப்படி வந்தவரை வாழவைத்த கதை எங்கள் ஊர்ப் பிள்ளையிடமே இருக்கும்போது, நாம் வெளியே போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. எந்திரத்துக்கு ஒரு சாளரம் போல, எந்திரத்தோடு வருகிற மனிதருக்கும் ஒரு மேசை, ஒரகடத்திலேயே. வீட்டுப் பதிவு, வங்கி, காஸ், மின்சாரம் எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். கொரியருக்கும் ஜப்பானியருக்கும் போலவே ஒடிசாக்காரருக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும்.

2. கூட்டுரோட்டிலிருந்து இரண்டு பக்கமும் நடைபாதை. லாரி ஏறாத உயரத்தில்.

3. ஒரு பூங்கா, இரவிலும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனை, ஷிப்ட் முடியும் நேரம் தெரிந்த ஒரு டவுன் பஸ்.

4. காருக்குக் கிடைத்த ரயில், ஆளுக்கும்.

இதற்கெல்லாம் நிதி இல்லை என்றால் ஒரு சிக்கன யோசனை உண்டு. அடுத்த முதலீட்டாளர் மாநாட்டில் யாரும் கையெழுத்துப் போடும் முன், அவர் குடும்பத்தை ஒரு வாரம் எங்கள் ஊரில் தங்க வையுங்கள். கார் கொடுக்க வேண்டாம். சாம்பாருக்கு நான் பொறுப்பு. எட்டாம் நாள் அந்தக் குடும்பம் சொல்லும் குறைகளைத் தாங்களே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்வீட்டுக்காரர்.