பாட்டி மெஷினை விடாதீங்க!

கேள்வி: பாட்டியின் கால்மிதி தையல் மெஷினில் ஜாக்கெட் தைக்கப் பழகுகிறேன். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. கரன்ட் மெஷின் வாங்கிவிடலாமா?
– வாசகி, முள்ளுக்குறிச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஊசியை மாற்றுங்கள்: காட்டனுக்கு 14, மெல்லிய வாயிலுக்கு 11. பாபின் கேஸில் அடைத்த பஞ்சைத் தட்டி எடுத்து, மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். மெஷினில் விட்டால் பிசினாக இறுகிவிடும்!

பாட்டி மெஷினைக் கைவிடும் முன் இதையும் கேளுங்கள்: எந்த இயந்திரமுமே கூடாதா என்று 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்டபோது, காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. கேட்ட அந்த இளைஞர்தான் பிறகு மனைவி சௌந்தரத்துடன் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினார். காந்தியே பாஸ் போட்ட சாமானைப் பழைய இரும்புக்குப் போடலாமா? கரன்ட் போனாலும் அது ஓடும். இன்னும் நூல் அறுந்தால், டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.