மிட்ஸ் பிடிக்கும் மகாஜனங்கள்

தோள்பட்டையில் தைலம் தடவிக்கொண்டு எழுதுகிறவனிடம் நடுநிலைமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. குத்துச்சண்டைப் பயிற்சியில் உபயோகிக்கும் மிட்ஸ் என்னும் சாதனத்தினால் சரீரத்துக்கும் சாமர்த்தியத்துக்கும் விளையும் மூன்று பெரும் நன்மைகளை வரிசைக்கிரமமாக விளக்கி, சர்க்கரை வியாதிக்குப் பயந்து விடியற்காலையில் நடந்துகொண்டிருக்கும் கனவான்களையெல்லாம் அந்த அப்பியாசத்தில் இறக்கிவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பூர்வ உத்தேசம். அந்த உத்தேசத்தை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குப் பயிற்சி தரும் தம்பி வரச் சற்றுத் தாமதமான சந்தர்ப்பத்தில், கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் நாங்கள் பழகும் மைதானத்துச் சிமென்டு பெஞ்சியில் கிடந்த மிட்ஸை, குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையும் தரித்து நடக்க வந்த ஒரு பெரிய மனிதர் யாரையும் கேளாமல் எடுத்து மாட்டிக்கொண்டு, "அடிங்க சார், பயப்படாம அடிங்க, நான் இருக்கேன்" என்று இரண்டு கைகளாலும் அபயம் அளித்தார். நான் அவரை நம்பி வலது கையை வீசினேன். கை புறப்பட்டுப் பாதி தூரம் போன பிறகு அவருடைய சட்டைப்பையில் செல்போன் மணியடித்தது. இருக்கிறேன் என்று சொன்ன இடத்தில் அவர் இல்லை. படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் கால் வைத்தவனுடைய கதி என் தோள்பட்டைக்கு நேர்ந்தது. அவரோ ஒரு மிட்ஸைப் பல்லால் கடித்துக் கழற்றிப் போனை எடுத்து, தாம் மைதானத்தில் ஒருவருக்கு பாக்ஸிங் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பதாகவும் பிறகு பேசுவதாகவும் சொல்லிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, "பேலன்ஸ் பத்தாது சார்" என்றார்.

முதல் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். தொங்கவிட்ட மூட்டையை அடித்துப் பழகுவதில் ஒரு குறை உண்டு. மூட்டை எங்கேயும் போகாது. நம் கை தாழ்ந்தால் கண்டிக்காது. தப்பான தூரத்தில் நின்று தப்பாக அடித்தாலும் வாய் திறவாமல் வாங்கிக்கொள்ளும். மிட்ஸ் அப்படிப்பட்ட சாது வஸ்துவன்று. உள்ளங்கைப் பக்கம் திண்டு வைத்துத் தைத்த அந்தத் தோலுறையைப் பயிற்சியாளர் மாட்டிக்கொண்டு ஒரு கணம் காட்டுவார். அந்தக் கணம் தீருமுன் குத்து அங்கே போய்ச் சேர வேண்டும். அவர் முன்னேறினால் நாம் பின்வாங்க வேண்டும், அவர் பக்கம் மாறினால் நாம் பாதத்தைத் திருப்ப வேண்டும், அடித்த கை வந்த வழியே தாடைக்குத் திரும்பாவிட்டால் அதே மிட்ஸ் கன்னத்தில் வந்து விசாரிக்கும். கண்ணும் காலும் இடுப்பும் மூச்சும் ஒரே சமயத்தில் வேலை செய்யப் பழகுவதற்கு இதைவிட உத்தமமான உபாயம் கிடையாது. 1867-ல் குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகள், சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றும் இடையே ஒரு நிமிஷம் ஓய்வு என்றும் வகுத்தன. ஓய்வு நிமிஷம் மட்டும் ஏன் அத்தனை சீக்கிரத்தில் முடிந்துவிடுகிறது என்பதற்கு அந்த விதிகளில் விளக்கம் இல்லை.

ஆனால் நன்மையெல்லாம் பிடிக்கிறவர் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. தேர்ந்தவர் மிட்ஸைத் தம் முகத்தை ஒட்டியே வைத்துக்கொள்வார்; அடிக்கிறவன் பழக வேண்டியது தலை இருக்கும் இடத்தை அடிப்பதற்கல்லவா? பயந்தவர் இரண்டு கைகளையும் அகல விரித்துவிடுவார். அவரிடம் பழகியவன், எதிராளியின் காதுகளுக்கு இருபுறமும் உள்ள ஆகாயத்தை அற்புதமாக அடிப்பான். குத்து வந்து படும் தருணத்தில் உள்ளங்கை சற்றே முன்னால் வந்து அதை எதிர்கொள்ள வேண்டும். அதிகம் வந்தால் அடிக்கிறவனுடைய மணிக்கட்டு போகும், வராமல் நின்றால் அடி சப்பென்று இறங்கும், அடியோடு விலகினால் எது போகும் என்பதைத் தைலத்தின் வாசனையிலிருந்து வாசகர்கள் யூகிக்கலாம். இது வருஷக்கணக்கில் பழகிச் சம்பாதிக்க வேண்டிய வித்தை. ஆனால் நம் மகாஜனங்களிடையே வேரூன்றிய நம்பிக்கை வேறு: அடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும், பிடிப்பதற்கு வயதே போதும். இந்தப் பழக்கத்தை வாசகர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. இதற்குள்ளேயே என் கட்டுரையில் எதை எங்கே வைத்திருக்கலாம் என்று மனசுக்குள் யோசித்திருப்பீர்கள்.

எங்கள் மைதானத்தில் மிட்ஸ் பிடிக்க வருகிறவர்களில் முதல் ஜாதி, தட்டுகிறவர். குத்து வரும் வரையில் காத்திருக்க இவருக்குப் பொறுமை கிடையாது. பாதி வழியிலேயே எதிர்கொண்டு வந்து, நம் முஷ்டியைப் பளாரென்று அறைவார். சத்தம் ஆண்டர்சன்பேட்டை வரையில் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்முடைய பலம் என்று நாமும், தம்முடைய போதனை என்று அவரும் நினைத்துக்கொள்வதால் இருவருக்குமே பரம திருப்தி. யாருக்கும் யாதொரு அபிவிருத்தியும் இல்லை.

அடுத்தவர் எண்கணிதர். குத்துகளுக்கு எண் கொடுத்து அழைக்கும் சம்பிரதாயம் உலகமெங்கும் உள்ளதுதான். ஒன்று என்றால் முன் கையால் ஜாப், இரண்டு பின் கையால் கிராஸ், மூன்றும் நான்கும் ஹூக், ஐந்தும் ஆறும் அப்பர்கட். மைக் டைசனை வளர்த்த கஸ் டி'அமாட்டோவும் எண்களை வைத்தே பழக்கினார்; ஆனால் அவருடைய எண்வரிசை வேறு. எங்கள் எண்கணிதர் இரண்டு முறைகளையும் எங்கோ கேட்டுவைத்துக்கொண்டு இன்னதென்று சொல்லாமல் கலந்து கூப்பிடுவார். மூன்று என்று அவர் கூவ, நான் ஹூக் வீச, அவர் எதிர்பார்த்தது அப்பர்கட்டாக இருக்க, குத்து அவர் மூக்குக் கண்ணாடிக்கு மயிரிழை தூரத்தில் காற்றை வெட்டிக்கொண்டு போகும். "கணக்கு வீக்கு" என்பார். நான் பாங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன்.

மூன்றாமவர் சரித்திராசிரியர். 1980-ல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது வாஸ்தவம். அதை நேரில் பார்த்ததாகச் சொல்லும் எங்கள் ஊர்க்காரர்களின் தொகையைக் கூட்டிப் பார்த்தால், அன்றைக்குச் சுரங்கத்தில் ஒரு ஷிப்டுக்குக்கூட ஆள் வந்திருக்க முடியாது. மிட்ஸை மாட்டிக்கொண்ட கையாலேயே அவர் அலியின் கால் அசைவை அபிநயம் பிடித்துக் காட்டுவார். நான் அடிக்கத் தோதான இடத்தில் அந்தக் கை ஒருபோதும் நிற்காது. அதற்கும் மேலே 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தாலும் வந்தது, வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் ஏதாவதொன்றுக்கு மாமன் வழியிலோ மச்சான் வழியிலோ பாத்தியதை கொண்டாடாதவர்கள் எங்கள் மைதானத்தில் அருகிவிட்டார்கள். ஒருவர் சார்பட்டா, இன்னொருவர் இடியப்ப நாயக்கர். இருவருக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு நான்.

நாலாமவர் இளைஞர், வாரக் கடைசியில் மட்டும் பெங்களூரிலிருந்து வந்து தரிசனம் கொடுப்பவர். ஃபிளாய்டு மேவெதர் தம் சித்தப்பா ரோஜரோடு மிட்ஸ் அடிக்கும் வீடியோவைப் பார்த்து, அதிலுள்ள தாளகதியில் மயங்கியவர். மேவெதருக்கு அந்த வேகம், சிறு பிராயத்திலிருந்து வேறு ஆயிரம் பயிற்சிகளைச் செய்து முடித்த பிறகு வந்தது. இவருக்கோ படம் பார்த்து முடித்ததும் வந்துவிட்டது. ஒரு கையில் மிட்ஸ், மறு கையில் செல்போன். "அங்கிள், சும்மா டச் பண்ணுங்க, வீடியோல வேகமாத் தெரியும்" என்பார். என் வேகம் எனக்கே தெரியவில்லை. வீடியோவுக்கு எப்படித் தெரியும்? 'அங்கிள்' என்ற சம்போதனையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத உத்தேசித்திருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐந்தாமவர் ஆரோக்கிய சாஸ்திரி. இவர் மிட்ஸை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் களியின் மகிமையிலிருந்து ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் சுற்று முடிந்துவிடும் என்பதால், இவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு.

ஆறாமவர் பழி தீர்ப்பவர். நம் கை தாழ்ந்தபோது மிட்ஸால் லேசாகத் தட்டி நினைவூட்டுவது முறை என்பதை இவர் எப்படியோ தெரிந்துகொண்டு, அந்த ஒரு அம்சத்தில் மாத்திரம் நிபுணராகிவிட்டார். கை தாழ்ந்தாலும் அடி, தாழாவிட்டாலும் 'தாழப்போகிறது' என்று முன்கூட்டியே அடி. வீட்டிலும் ஆபீஸிலும் ஆயுள் முழுவதும் யார் யாரிடமோ பட்ட அவமானங்களுக்கெல்லாம் என் கன்னம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

ஏழாமவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், உஷ்ணத்தில் வெந்துகொண்டு பாறை குடைந்த மனிதர். ஒரு நாள் மிட்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் கூலி குடுத்து அடிக்கச் சொன்னாங்கோ, நீ இன்னாடான்னா காசு கட்டிட்டு அடிக்கிறே" என்றார். இதற்குச் சமாதானம் என்னிடம் இல்லாததால், அவர் மிட்ஸைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

ஜாதிகள் இன்னும் உண்டு. ஆனால் இத்தனை பேர் பிடிக்கக் கிளம்பியதற்குக் காரணத்தை யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களை மூடினார்கள். அதன் பிறகு, அடிக்கிற வயதிலுள்ள பிள்ளைகள் விடியுமுன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, மறுபடி ரயிலேறுகிறார்கள். மைதானத்தில் மிஞ்சுவது பென்ஷன் வாங்குகிறவர்களும், பென்ஷனும் கிடைக்காதவர்களும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த வாய்கள் நூறு. கேட்டு அடிக்க ஓர் ஆள் அகப்பட்டால் அவனைச் சும்மா விடுவார்களா? சுரங்கத்தைத் திறக்கப்போகிறோம் என்று தேர்தல்தோறும் எங்களுக்குக் கை காட்டுகிறவர்களும் இந்த வித்தையில் சளைத்தவர்களல்லர். நாங்கள் நம்பி வீசுகிற நேரத்தில் அவர்களுக்கும் தவறாமல் போன் வந்துவிடுகிறது. தோள்பட்டை வலி எங்கள் ஊருக்குப் புதிதன்று.

இரண்டாவது நன்மைக்கு வருகிறேன். மிட்ஸ் பயிற்சியினால் இருதயமானது, மூன்று நிமிஷ உழைப்புக்கும் ஒரு நிமிஷ ஓய்வுக்கும் மாறி மாறிப் பழகி...

இந்த இடத்தில் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் அக்காள் மகன், "மாமா, இத மொதல்ல போட்டிருக்கணும். தைலம் மேட்டரக் கடைசில வெச்சிருக்கணும்" என்கிறான். பள்ளிக்கூடக் கட்டுரைக்கு அப்பால் அவன் ஒரு வரி எழுதியவனல்லன். ஆகவே இருதயத்தையும், அதன்பின் வரவிருந்த மூன்றாவது நன்மையையும் ஒத்திவைத்து, மைதானத்து மகாஜனங்களின் முன் ஒரு பிரேரணையை மட்டும் சமர்ப்பிக்கிறேன்: இனி மிட்ஸ் பிடிக்க விரும்புகிற எவரும், முதலில் கையில் பாண்டேஜ் சுற்றி, கிளவுஸ் மாட்டி, ஒரு முழுச் சுற்று அடித்துக் காட்ட வேண்டியது, அதன் பிறகும் பேசுவதற்கு மூச்சு மிச்சமிருந்தால் உபதேசம் செய்யலாம். செல்போன் பெஞ்சியில் இருக்க வேண்டியது. பிரேரணையை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினால் போதும். திருத்தங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.